ஃபேரி கதையில எனக்கு பயம் வந்த இடம்

டேய் மச்சான்,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? நான் வேலை மாறிட்டேன், நைட் ஷிப்ட் தொல்லை விட்டுச்சு, அதனால நீ எழுதற ஃபேரி கதைல அனுப்பின ரெண்டு சாப்டரையும் ஒரே ராத்திரில படிச்சு முடிச்சேன். மூடிக்கிடக்கிற மெட்ரோ ஸ்டேஷன்ல ஃபேரி ராணி தர்பார் நடத்துற சீன் பிரமாதம்டா. ஆனா ஃபேரிங்களுக்கு இரும்பே ஆகாதுன்னு காலங்காலமா சொல்றாங்களே, தண்டவாளத்துக்கு நடுவுல எப்படி உக்காந்திருக்கா? உடம்பு எரியணும்ல. எரியட்டும், எரிஞ்சும் ஏன் அங்கயே கிடக்கறான்னு எழுது, போக வேற இடமில்லைங்கறது தானா வந்துடும்.

ஆனா ராணி எவ்வளவு கொடுமை பண்ணியும் எனக்கு பயம் வரல. ஃபேரிங்க ஆளைத் தூக்கிட்டு அதே முகத்துல வேற ஒண்ணை வச்சுட்டுப் போயிடுவாங்கங்கற நம்பிக்கை இருக்கு பாரு, அதுதான் என்னைத் தூங்க விடல. அயர்லாந்துல, டிப்பரரி பக்கம், 1895ல நிஜமாவே நடந்திருக்கு. பிரிஜெட் கிளியரின்னு ஒரு பொண்ணு, துணி தைச்சு சொந்தமா சம்பாதிச்சவ. உடம்பு முடியாம படுத்தா, புருஷன் மைக்கேல் இவ என் பொண்டாட்டியே இல்ல, ஃபேரிங்க மாத்தி வச்சதுன்னுட்டான். சொந்தக்காரங்க சுத்தி நிக்க மூலிகையை வாயில திணிச்சு, நீ யாருன்னு திரும்பத் திரும்ப கேட்டு, கடைசில எரிச்சே கொன்னுட்டான். அப்புறம் நிஜ பொண்டாட்டி வெள்ளைக் குதிரைல வருவான்னு ஃபேரிங்க குடியிருக்கறதா நம்பின பழைய மண்கோட்டைகிட்ட போய் காத்திருந்தான்டா. ரயிலும் தந்தியும் பேப்பரும் இருந்த காலம் அது! கொலைக்குற்றம்னு தீர்ப்பு வரல, அதுக்குக் கீழ ஒரு குற்றம்தான், 1910ல வெளிய வந்துட்டான்.

அதனால சொல்றேன், அந்த ஸ்டேஷனுக்கு மேல ஒரு அபார்ட்மென்ட்ல ஒருத்தன் தன் பொண்டாட்டிய இப்படி சொல்றான்னு வை. அவ என்ன பதில் சொன்னாலும் அதையே அவன் ஆதாரமா எடுத்துக்கறான். கீழ ராணி எல்லாத்தையும் கேட்டுட்டிருக்கா. நாங்க அவள எடுக்கலன்னு ராணி ஒரு வார்த்தை சொன்னா போதும், ஃபேரிங்களுக்கு பொய்யே வராதுன்னு சொல்வாங்கள்ல, நம்பித்தான் ஆகணும். ஆனா யாரும் அவகிட்ட கேக்கல, கேக்காம சொல்ற பழக்கம் அவளுக்கு இல்ல. இதைவிட இருட்டா ஒரு ராணிய என்னால யோசிக்க முடியல மச்சான்.

மூணாவது சாப்டர டைப் பண்ண லேட்டாகும்னா கையால எழுதினத போட்டோ எடுத்தாவது அனுப்பு. அந்தப் பொண்ணுக்கு பேர் மட்டும் நீயே வை, பாத்து வை.

உன் பழைய ரூம்மேட்