கரடி ஏன் அங்கேயே நடக்குது?

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி குறைந்து இப்போது யார் கையையும் பிடிக்காமல் படியேறுகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு மனசு ஆறியது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் சந்தோஷம். ஆனால் கடைசியில் நீ எழுதியிருந்த விஷயத்துக்கு ரெண்டு வரியில் பதில் போட எனக்கு வரவில்லை, அதனால்தான் தாமதம்.

அவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனபோது "கரடி ஏன் பாட்டி அங்கேயே போய்ப் போய் வருது?" என்று கேட்டாள், நீ "வாக்கிங் போகுது கண்ணு" என்று சமாளித்தாய், வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உறுத்த வேண்டிய விஷயம்தான் மாலதி.

நான் ஒருமுறை ஓர் ஓநாயின் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். வேலி ஓரமாகப் பதினோரு அடி நடக்கும், மூலையில் தலையை இடப்பக்கம் வெடுக்கென்று திருப்பும், மறுபடி பதினோரு அடி. எண்ணிப் பார்த்தேன், ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. அது நடந்த தடத்தில் புல்லே இல்லாமல் மண் இறுகிப் பள்ளமாகிவிட்டிருந்தது, திரும்புகிற மூலையில் சுவரில் தோள் உரசி உரசி எண்ணெய் பிடித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. ஒரு பையன் கம்பியைத் தட்டினான், யாரோ விசிலடித்தார்கள். அது காதைக்கூட அசைக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அந்தப் பார்வை எதன் மேலும் பதியவில்லை, அந்தக் கண்ணை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இப்படிப் பயனில்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு ஸ்டீரியோடைப்பி என்று ஆராய்ச்சியாளர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். யானை நின்ற இடத்திலேயே தலையை ஆட்டும், ஒட்டகச்சிவிங்கி சுவரையும் கம்பியையும் நக்கிக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஊறிப்போனால் பெரிய இடத்துக்கு மாற்றினால்கூடச் சிலவற்றிடமிருந்து அது முழுசாகப் போவதில்லை.

2003இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கூண்டில் வேட்டையாட வழியில்லாததால்தான் ஊனுண்ணிகள் இப்படி ஆகின்றன என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் அவர்கள் பல இனங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், காட்டில் எவ்வளவு பெரிய பரப்பில் அலைகிற இனமோ அவ்வளவுக்கு அது கூண்டில் அதிகம் நடக்கிறது, அதன் குட்டிகளும் அதிகம் சாகின்றன. பனிக்கரடிக்கு நாம் கொடுக்கும் இடம் அது இயல்பாகச் சுற்றும் பரப்பில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதானாம். வேளாவேளைக்கு மீன் போடுகிறார்கள், மருத்துவர் வந்து பார்க்கிறார், எல்லாம் சரி, ஆனால் அந்தக் கால்கள் எதற்காக உண்டானவையோ அதற்கு அங்கே வேலையே இல்லையே. நியூயார்க் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையில் கஸ் என்று ஒரு பனிக்கரடி இருந்தது. 1990களில் அது ஒரே தடத்தில் மணிக்கணக்காக நீந்திக்கொண்டே இருக்க, விலங்குகளைப் பழக்குகிற ஒருவரை வரவழைத்து, மீனைப் பனிக்கட்டியில் உறையவைத்துக் கொடுத்து, விளையாட்டுச் சாமான்கள் போட்டு என்னென்னவோ செய்து பார்த்தார்கள். குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. 2013இல் கஸ் இறந்துபோனது.

நீ கேட்பாய், அழிகிற இனங்களைக் காப்பாற்றுகிறவர்களும் இவர்கள்தானே என்று. உண்மைதான். அரேபிய ஓரிக்ஸ் மான் 1972இல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போனது, மிருகக்காட்சிசாலைகளில் பெருக்கி வைத்திருந்ததால்தான் 1982இல் ஓமன் பாலைவனத்தில் மறுபடி விட முடிந்தது. அதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் நான் பார்த்த அந்த ஓநாய் எந்தக் காட்டுக்கும் திரும்பப் போகப்போவதில்லை. ஓரிக்ஸ் பேரைச் சொல்லி அதன் பதினோரு அடிக்கு யாரும் கணக்கு காட்ட முடியாது.

காவன் யானையைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? இலங்கையிலிருந்து குட்டியாகப் பாகிஸ்தானுக்குப் பரிசாகப் போனது. இஸ்லாமாபாத்தில் கூடவே இருந்த பெண் யானை 2012இல் இறந்த பிறகு எட்டு வருஷம் தன்னந்தனியாகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. நீதிமன்றம் வரை போய், 2020 நவம்பரில் விமானத்தில் கம்போடியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த ஒரு யானையின் தும்பிக்கையைத் தன் தும்பிக்கையால் தொட்ட படத்தைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். எட்டு வருஷம் கழித்து இன்னொரு யானையைத் தொடுகிறது, யோசித்துப் பார்.

அப்புறம், எங்கே போனாலும் இடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அது போதாது. 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் தன் மிருகக்காட்சிசாலையில் கம்பிக்குப் பதில் அகழி வெட்டிக் காட்டியதிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குக் கூண்டு மறைந்துவிட்டது, உள்ளே இருப்பதற்கும் மறைந்ததா என்பதுதான் கேள்வி. நான் இப்போது முதலில் தேடுவது ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்றுதான். நம் பார்வையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகிப்போக ஒரு புதர், ஒரு குகை, ஏறிப் படுக்க உயரமான ஒரு மரக்கட்டை. மண் இருக்கிறதா, வெறும் சிமென்ட் தரையா. சாப்பாட்டைத் தட்டில் கொட்டுகிறார்களா, இல்லை தேடித் தோண்டி எடுக்கிற மாதிரி அங்கங்கே ஒளித்து வைக்கிறார்களா. சிறுத்தை கண்ணிலேயே படவில்லை என்று சலித்துக்கொண்டு போகிறார்களே, அந்தச் சிறுத்தைக்குத்தான் நல்ல இடம் கிடைத்திருக்கிறது.

குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிடு மாலு. அதுக்கு அங்கே செய்ய ஒன்றுமே இல்லைம்மா, அதனால்தான் அப்படி நடக்குது என்று சொன்னால் போதும், அவளுக்குப் புரியும், கேட்டவளே அவள்தானே. அடுத்த மாதம் நான் வரும்போது மூன்று பேருமாகப் போவோம், முழுசும் சுற்ற வேண்டாம், உன் காலுக்கும் ஆகாது. அந்தக் கரடி முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து அது எத்தனை நிமிஷம் நடக்கிறது என்று குறித்துக்கொள்வோம், அதை வைத்து அங்கே பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு கடிதம் எழுதலாம். கரடி படத்தை அவளே வரைந்து கூட வைக்கட்டும்.

மாத்திரையை மறக்காமல் சாப்பிடு.

உன்,
சரோஜா