கார் கையேடு தமிழில் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவில்பட்டியில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் ஸ்பானர் பிடிக்கக் கற்றவன். இன்றைக்குக் காரின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரை மாட்டி, திரையில் வரும் கோளாறுக் குறியீட்டைப் பார்த்து வேலை செய்கிறேன். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு காரோடும் கொடுக்கிற கையேடு தமிழிலும் இருக்க வேண்டும். இதை உங்கள் பத்திரிகை வழியாகக் கார் கம்பெனிகளிடமும் அரசிடமும் கேட்கிறேன். மொழிப்பற்று எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் இதைப் பட்டறைக்காரனாகத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு டீசல் எஸ்யூவி வந்தது. உரிமையாளர் பலசரக்கு வியாபாரி, வயதில் பெரியவர். காலையில் வீட்டிலிருந்து கடைக்கு, ராத்திரி கடையிலிருந்து வீட்டுக்கு. வண்டியின் ஓட்டமே அவ்வளவுதான். "தம்பி, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஒரு மஞ்ச லைட்டு வேற ரொம்ப நாளா எரியுது, ஏசி சம்பந்தமா ஏதோன்னு விட்டுட்டேன்" என்றார். மீட்டரைப் பார்த்தேன். புகைக்குழாய் மாதிரி ஒரு படம், அதற்குள் புள்ளி புள்ளியாக. டிபிஎஃப் விளக்கு. பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஒரு சொட்டை விரலில் தேய்த்தேன், பிசுபிசுப்பே இல்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் டீசல் நெடி.

2020 ஏப்ரல் முதல் தேதி பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகை வெளியேறும் பாதையில் டிபிஎஃப் என்கிற வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி சேர்ந்ததும் இன்ஜினே கொஞ்சம் கூடுதலாக டீசல் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்து வாயுவாக வெளியேற்றிவிடும். அதற்கு வண்டி நிற்காமல், ஓரளவு வேகத்தில், கால் மணி இருபது நிமிடமாவது ஓட வேண்டும். பஜாருக்குப் போய் உடனே ஆஃப் செய்தால் எரிவது பாதியில் நின்றுவிடும். அடுத்த நாளும் அப்படியே. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப் போனால் டர்போவும் பேரிங்கும் தேயும். அண்ணாச்சி வண்டியில் நடந்தது இதுதான்.

கிளவ் பாக்ஸைத் திறந்தேன். கையேடு உறை பிரிக்காமல் இருந்தது. புரட்டினால், மீட்டரில் எரிந்த அதே படம் அதில் இருக்கிறது. இந்த விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போய் இத்தனை வேகத்துக்கு மேல், விளக்கு அணையும் வரை ஓட்டுங்கள் என்று பக்கத்திலேயே தெளிவாகப் போட்டிருக்கிறான். எல்லாம் ஆங்கிலத்தில். அண்ணாச்சி எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் காலையில் கடை திறந்ததும் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். நான் அந்தப் பக்கத்தைத் தமிழில் சொன்னதும், "இவ்வளவுதானா? கயத்தாறு வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்திருப்பேனே" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாலுவழிச் சாலையில் கயத்தாறு போய்த் திரும்பியிருந்தால் ஆரம்பத்திலேயே தீர்ந்திருக்கும்.

ஸ்கேனர் வைத்துக் கரியை எரிக்கவைத்து, ஆயிலை மாற்றிக் கொடுத்தேன். வடிகட்டியையே மாற்ற வேண்டி வந்திருந்தால் செலவு லட்சத்தைத் தொட்டிருக்கும். வண்டி எடுத்த அன்றைக்கு ஷோரூமில் போனை இணைக்கவும் சன்ரூஃப் திறக்கவும் சொல்லிக் கொடுத்தார்களாம். இந்த விளக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தினம் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு டீசல் வண்டி தேவையா என்று கேட்டவரும் இல்லை.

டிபிஎஃப் ஒன்றோடு இது முடிந்துவிடவில்லை. சிவப்பில் எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு விளக்கு உண்டு. அது ஓடும்போது எரிந்தால் ஆயில் பிரஷர் இல்லை என்று அர்த்தம். உடனே ஓரங்கட்டி ஆஃப் செய்ய வேண்டும். வீடு பக்கம்தானே என்று ஓட்டிப் போனால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மஞ்சளில் இன்ஜின் படம் போட்ட விளக்கு நிலையாக எரிந்தால், நிதானமாக ஓட்டிப் பட்டறைக்கு வரலாம். அதே விளக்கு மினுக்கினால் சங்கதி வேறு. ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுப் பாழாக்குகிறது. வேகத்தைக் குறைத்து நிறுத்தியாக வேண்டும். இந்த வித்தியாசமெல்லாம் கையேட்டில் இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் பலர் செய்வது, பேட்டரி கேபிளைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பதுதான். கோளாறு அப்படியேதான் இருக்கும். கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த விவரம் பல வண்டிகளில் அதோடு அழிந்துபோகும், என்னைப் போன்றவனுக்குக் கண்டுபிடிக்கிற வழியும் அடைபடும்.

அப்புறம் ஆயில். கெட்டியான ஆயில்தான் இன்ஜினுக்கு நல்லது என்று பழைய வண்டி ஓட்டியவர்கள் இன்றைக்கும் நம்புகிறார்கள். 0டபிள்யூ-20 என்கிற இளகலான ஆயில் ஊற்ற வேண்டிய பெட்ரோல் இன்ஜினில் 20டபிள்யூ-40 என்கிற கெட்டி ஆயிலை ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். டிபிஎஃப் உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரியை எரித்து விரட்டலாம், ஆயிலின் சாம்பலை எரிக்க முடியாது. வடிகட்டியிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும். கூலன்ட் குறைந்தால் எங்கள் ஊர்ப் போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் ரேடியேட்டரை என்ன பாடுபடுத்தும் என்று அதைக் கழற்றிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டிகளுக்கு முழுதாக மூடித் தைத்த சீட் கவர் போடக் கூடாது, போட்டால் விபத்தில் பை சரியாக விரியாமல் போகலாம். புது வண்டி எடுத்த மறுநாளே கவர் போடுகிற குடும்பங்கள் எத்தனை! இது உயிர் விஷயம். எச்சரிக்கை கையேட்டில் இருக்கிறது. குடும்பத்துக்குப் புரிகிற மொழியில் இல்லை.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் உனக்குப் பிழைப்பு என்னாகும் என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். எனக்கு வேலை வேண்டியதுதான். ஆனால் அணைக்க வேண்டிய நேரத்தில் அணைக்காமல் ஓட்டி, வெந்துபோய் வரும் இன்ஜினைப் பிரித்துச் சம்பாதிக்கிற காசில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. எங்களுக்குச் சேர வேண்டிய ரிப்பேர் விவரங்களும் சரியாகக் கிடைப்பதில்லை. உதிரி பாகங்களும் பரிசோதனைக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2014-ஆம் ஆண்டிலேயே, வியாபாரப் போட்டி நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அது தனிக் கதை, இன்னொரு கடிதம் எழுத வேண்டும். பட்டறைக்காரனுக்கு விவரம் தருவதற்கு முன்னால், பணம் கொடுத்து வாங்கினவருக்கு அவர் வண்டியைப் பற்றிச் சொல்லட்டும்.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் நம் பிள்ளைகள் கை பட்டுத்தான் கார்கள் வெளியே வருகின்றன. ஆர்டிஓ அலுவலகத்தில் எல்எல்ஆர் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஓட்டத் தமிழ் போதும் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, ஓட்டுகிற வண்டியைப் பராமரிக்க மட்டும் ஏன் ஆங்கிலம்? என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் நான் பார்த்த கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, சிலவற்றில் இந்தியும் இருக்கிறது. தமிழில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அச்சடிக்கச் செலவாகும் என்று சொல்ல முடியாது. இப்போது பல கம்பெனிகள் கையேட்டைப் போனிலேயே தருகின்றன, அதில் தமிழைச் சேர்க்கக் காகிதம் தேவையில்லை. தூய தமிழில் எழுதச் சொல்லவும் இல்லை. கிளட்ச், பிரேக், கூலன்ட் என்றே இருக்கட்டும், எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளைப் பற்றிய விவரங்களைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழக அரசு கம்பெனிகளோடு பேச வேண்டும். முழுப் புத்தகமும் வர நாளாகும் என்றால், விளக்குகள் உள்ள பக்கம், ஆயில், கூலன்ட், டயர் காற்று அளவுகள், ஏர்பேக் எச்சரிக்கைகள், இவற்றையாவது முதலில் தமிழில் கொடுக்கட்டும். வண்டிச் சாவியைக் கையில் கொடுக்கிற அன்றைக்கு ஷோரூம்காரர் அதை உட்கார்ந்து ஒருமுறை வாசித்துக் காட்டட்டும், அரை மணி நேரம் ஆகாது.

என் பட்டறைச் சுவரில் விளக்குப் படங்களுக்கு நேரே தமிழில் விளக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் மாடலுக்கு மாடல் படமும் அளவும் மாறுகிறது. எந்த வண்டிக்கு எது சரி என்கிற முழு விவரம் தயாரித்தவர்களிடம்தான் இருக்கிறது, அதை அவர்கள்தான் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
கார் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கோவில்பட்டி.