விஷமும் இல்லை, வண்ணத்துப்பூச்சியும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த பூச்சியின் படத்தைப் போட்டு, 'மண்டையோட்டு விஷ வண்ணத்துப்பூச்சி' என்று எழுதியிருந்தீர்கள். 28 வருடம் விலங்கியல் நடத்தியவன், சிறுவயதில் எள்ளுக் கொல்லையில் புழு பொறுக்கியவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

அது அந்துப்பூச்சி. வண்ணத்துப்பூச்சிக்கு உணர்கொம்பின் நுனி குமிழாக இருக்கும். இதற்கு உணர்கொம்பே தடிப்பு, நுனியில் சின்னக் கொக்கி. கொட்டாது, கடிக்காது. பேரினத்தின் பெயர் அக்கெரோன்ஷியா, 1809-இல் வைத்தது. அக்கெரோன் கிரேக்கர்களின் பாதாள நதி. நம் வைதரணி மாதிரி. முதுகில் மண்டையோடு தெரிந்தால் பெயர் வைப்பவருக்கும் யமலோக நினைப்புதான் வரும் போல!

இந்தப் பேரினத்தில் இருப்பதே மூன்று இனங்கள். நீங்கள் குறிப்பிட்ட அட்ரோபோஸ் ஆப்பிரிக்கா, ஐரோப்பா பக்கத்துப் பூச்சி. நம் நாட்டில் இருப்பவை ஸ்டிக்ஸ், லாக்கெசிஸ் இரண்டும். ஸ்டிக்ஸின் பின்சிறகு மஞ்சள், குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டைகள். லாக்கெசிஸுக்குப் பின்சிறகு உடம்போடு சேரும் பகுதியே கறுப்பு. உருவத்திலும் அதுதான் பெரியது. உங்கள் படத்தில் ஒரு சிறகு விலகி, அந்தக் கறுப்பு தெளிவாகவே தெரிந்தது. ஆகவே அது லாக்கெசிஸ்.

எள்ளுச் செடியில் விரல் பருமனில், வால் பக்கம் சொரசொரப்பான வளைந்த கொம்போடு ஒரு புழு இருக்குமே, அது வளர்ந்தால் ஸ்டிக்ஸ். கத்தரியையும் விடாது. விவசாயி திட்டினால் நியாயம் உண்டு. தேன் வளர்ப்பவரும் திட்டலாம். இது பருந்துப்பூச்சி என்ற அந்துப்பூச்சிக் குடும்பம். அதில் மற்றவற்றுக்கு உறிஞ்சுகுழல் நீளம். இதற்குக் குட்டை, ஆனால் தடிப்பு. இரவில் தேன்கூட்டுக்குள் புகுந்து, மெழுகு மூடியைக் குத்தித் தேன் குடிக்கும். உடம்பில் தேனீயின் வாசனையை ஒத்த பொருள்கள் இருப்பதால் தேனீக்கள் எளிதில் கண்டுகொள்வதில்லை. பிடித்தால் வாய்வழியே காற்றை இழுத்துவிட்டுக் 'கீச்' என்று கத்தும். எங்கள் திண்ணை விளக்கில் ஒன்று அப்படிக் கத்தியபோது பாட்டி திருநீற்றை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

அந்த வீட்டார் பூச்சியைத் துடைப்பத்தால் அடித்துக் கொன்றதாகச் செய்தி முடிகிறது. வாசல் விளக்கை அணைத்திருந்தால் அதுவே போயிருக்கும். 'விஷம்' என்ற சொல்லுக்காவது ஒரு திருத்தம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
விருத்தாசலம்