மேடம், அந்த 72

அன்புள்ள மேடம்,

உங்கள் பணிநிறைவு விழாவுக்கு நான் வரவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. புடவை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவர்களிடம் சொன்ன பொய்யை அவர்கள் எதிரிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று ஆராய்ச்சிப் பிரிவில், பிஎச்.டி. பதிவை ரத்து செய்யக் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். கைடு கையெழுத்து இல்லாமல் வாங்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆக, எப்படியும் உங்கள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். எதிரில் உட்கார்ந்தால் எனக்கு வாய் வராது. எழுதிவிட்டு வருகிறேன்.

ஆறு வருடக் கெடு இந்த டிசம்பரில் முடிகிறது. பெண்களுக்கு இன்னும் இரண்டு வருடம் கேட்கலாம் என்பது தெரியும். கேட்டால் நீங்கள் அலைந்து வாங்கிக் கொடுப்பீர்கள் என்பதும் தெரியும். வேண்டாம் மேடம்.

காரணம் எழுதலாம் என்று உட்கார்ந்தால் அந்தப் பையன்தான் வந்து நிற்கிறான்.

2018 ஆகஸ்ட். கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். இரண்டாம் வருடம். அவனுக்கு ஒன்பது வயது. ஊர், பெயர் எதுவும் எழுதவில்லை, சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஐக்யூ பார்த்து முடித்துவிட்டு வைன்லேண்டுக்காக அவன் அம்மாவிடம் உட்கார்ந்தேன். (வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக: அது பிள்ளையைச் சோதிப்பது அல்ல. அன்றாடம் அவன் எதையெல்லாம் தானாகச் செய்கிறான் என்று வீட்டாரிடம் கேட்டுப் போடும் மதிப்பெண். மொத்தம் 89 கேள்விகள். கேள்விகளைப் பொதுவில் போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். போடவில்லை.)

மூன்று வருடமாகப் பள்ளிக்கூடத்தில் 'வராது, தெரியாது' என்பதையே கேட்டுக்கேட்டுப் பழகியவர் அந்த அம்மா. மகனுக்கு என்ன வரும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை போல. நான் கேட்கக் கேட்க அவர் முகமே மாறிவிட்டது. தானே குளிப்பான். தங்கச்சிக்குத் தலை வாரிவிடுவான். கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொண்டுவருவான். ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் இருட்டுவதற்குள் ஒன்று குறையாமல் ஓட்டிவருவான். "அவன நம்பி வீட்டையே விட்டுட்டுப் போவேங்க" என்றார். ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே போனேன்.

கூட்டி, அவன் வயதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால் 72.

69 வந்திருந்தால் அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழில் ஊனம் 50 சதவீதம் என்று வரும். 70ஐத் தொட்டுவிட்டால் 25. சலுகைகளுக்குப் பெரும்பாலும் 40 வேண்டும். சரி, கற்றல் குறைபாடு என்று பார்க்கலாமா என்றால், 2018 விதிமுறைப்படி அதற்கு ஐக்யூ 85ஐத் தாண்ட வேண்டியிருந்தது. அவனுக்கு 76. இரண்டு வாசலும் அடைத்தாகிவிட்டது.

"சர்டிபிகேட் கிடைச்சிடுமாம்மா?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது நீங்கள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிடைக்காது என்பதையும் ஏன் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "தெரிஞ்சிருந்தா, ஒண்ணுமே செய்யமாட்டான்னு சொல்லியிருப்பேனே" என்றார்.

வராந்தாவில் உங்களிடம் கெஞ்சினேன். இரண்டு கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கலாம் மேடம், கடைக்குப் போகும்போது யாராவது கூடப் போயிருக்கலாம் என்றேன். "பெத்தவ பெருமையா சொன்னத அடிச்சிட்டு, அந்த எடத்துல என்ன எழுதப் போற?" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் மதியம் சாப்பிடவில்லை. தலைமையாசிரியருக்கு இரண்டு பக்கம் கையால் எழுதினீர்கள். கூடுதல் நேரம் கொடுங்கள், எழுத வராததை வாயால் கேளுங்கள், முன் பெஞ்சில் உட்காரவையுங்கள். அந்த அம்மா அதை நாலாக மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கடிதத்தை அங்கே யாராவது படித்தார்களா? நாம் விசாரிக்கவே இல்லை. நான் மாணவி, எனக்கு அடுத்த கேஸ் காத்திருந்தது. நீங்கள் கேட்டிருக்கலாம் மேடம். ஒரே ஒரு போன். எண்ணில் அவ்வளவு கறாராக இருந்தவர் இதில் ஏன் இல்லை? இந்தக் கோபம் எட்டு வருடமாக எனக்குள் இருக்கிறது.

என் தீசிஸ் அந்த வராந்தாவில் பிறந்ததுதான். தலைப்பை எவ்வளவு நீட்டி எழுதினாலும் உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றுதான். நியூ ஜெர்சியில் எட்கர் டால் உண்டாக்கி, நாக்பூரில் மாலின் நமக்காக மாற்றியமைத்த அளவுகோல், ஏழு வயதில் ஆடு மேய்க்கப் பழகிவிடும் பிள்ளையைச் சரியாக அளக்கிறதா? 300 பிள்ளைகள் வேண்டும். 212 பேரைப் பார்த்துவிட்டேன். அத்தனை வீட்டிலும் கேட்டார்கள், இதனால் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று. ஒப்புதல் படிவத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது: 'நேரடிப் பலன் எதுவும் இல்லை.' அதை 212 முறை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. நாலாவது டிசி (ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில், வெளியிலிருந்து வந்தவர் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். 240 நாள் விடுப்பு விதியிலேயே இருக்கிறது. நீங்கள் "கொஞ்சம் குடும்பப் பிரச்சினை" என்றீர்கள். என் பிள்ளை பிரச்சினை இல்லை மேடம். அதே வாரம், ராத்திரி பதினோரு மணிக்கு, என் இரண்டாம் அத்தியாயத்தை வரி வரியாகத் திருத்தி அனுப்பியதும் நீங்கள்தான். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் 'பாப்பா இப்ப நல்லா தூங்குறாளா?' என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்த மதிப்பீட்டு முகாம். எந்த மாவட்டம், எந்த வருடம் என்று எழுத மாட்டேன். வேறொரு அம்மா, வேறொரு பையன். ஒரு கேள்வியை நான் எந்தக் குரலில் கேட்டேன், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதும் இங்கே வேண்டாம். உங்களுக்கு இவ்வளவு போதும். மறுநாள் நீங்கள் போன் செய்தீர்கள், எடுக்கவில்லை. அதற்கப்புறம் வந்த எதையும் எடுக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று என் அம்மாவுக்குப் போட்டு விசாரித்தீர்களாம். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். முகாமுக்காகக் கேட்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பையன் இப்போது... சரி, நேரில் சொல்கிறேன்.

'சோதனைகள் அனைத்தும் கையேட்டில் உள்ளபடியே நடத்தப்பட்டன' என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி வர வேண்டும். 212 பேரிடமும் அப்படித்தான் நடத்தினேன், என் மகள் மேல் சத்தியமாக. ஆனாலும் அந்த வரியை என்னால் டைப் அடிக்க முடியவில்லை. எட்டு மாதமாக அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

நம் எம்.ஃபில். சேர்க்கை 2025-26 வரைதான் என்று யூஜிசி சொன்னபோது எங்கள் நாலு பேரையும் உட்காரவைத்து, "இருக்கறவங்களாவது முடிச்சிடுங்கம்மா, நாளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேணும்" என்றீர்கள். என்னைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து அரசுப் பள்ளிகளுக்குப் போகும் ஒரு வேலை. 70க்கும் 85க்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளோடும் அவர்களுடைய ஆசிரியர்களோடும். சம்பளம் குறைவுதான். நீங்கள் எழுதிய அந்த இரண்டு பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். இனி அதை மஞ்சப்பையில் போட்டு அனுப்பாமல் நானே கொண்டுபோய் வாசித்துக் காட்டுவேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். முகாமில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வைன்லேண்ட் மேனுவலும் என்னிடம்தான் இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது, ஒட்டிக் கொண்டுவருகிறேன்.