வகுப்பறையில் புதிது செய்யும் ஆசிரியருக்கு நேரடி நிதி வேண்டி மனு

அனுப்புநர்: தளி, கெலமங்கலம் ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள்
பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கிருஷ்ணகிரி

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

எல்லையோர ஒன்றியங்களில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். "புளி" என்றால் விழிக்கிற பிள்ளை, சிந்தபண்டு என்றோ ஹுணசெ என்றோ சொன்னதும் பிடித்துக்கொள்ளும். ஊருக்கு ஊர் மாறும் இந்தத் தேவையை, தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் மாநிலம் முழுமைக்கும் அச்சாகும் பொருள்கள் மட்டும் ஈடுகட்ட முடியாது. ஊருக்கேற்ற பொருள்களை வகுப்பாசிரியர்தான் செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஆகும் செலவு இது. 150 படஅட்டைகள், ஏ4 வண்ண அச்சு, 125 மைக்ரான் லேமினேஷன்: அட்டைக்கு 40 ரூபாய் வீதம் 6,000. ஓரத்தில் 5 மி.மீ. ஃபிலிம் விட்டு வெட்ட வேண்டும்; ஒட்ட வெட்டினால் ஈரம் புகுந்து ஒரே பருவத்தில் பிரிந்துவிடும். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதைகளைப் பதிந்து போட ஸ்பீக்கரும் மெமரி கார்டும் 1,500. எண்ணிப் பழகக் கோர்க்கும் மணி, மூங்கில் குச்சி 500.

பள்ளி மானியம் இருக்கிறதே என்பார்கள். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு அது ஆண்டுக்கு 10,000 ரூபாய். பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மீதி பதிவேடு, சிறு பழுதுகளுக்கே சரியாகிவிடும். தாமதமாக வந்தாலோ, மார்ச் 31-க்குள் முடிக்கும் அவசரத்தில் கிடைத்ததை வாங்க வேண்டியதுதான். அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் துணைக்கருவி நிதி இருந்தது. சிறு தொகைதான், ஆனால் என்ன வாங்குவது என்ற முடிவு வகுப்பாசிரியர் கையில் இருந்தது. நல்லாசிரியர் விருது செய்து முடித்ததற்குத் தருவது. நாங்கள் கேட்பது செய்யப்போவதற்கு.

ஆகவே ஒன்றியத்துக்கு மூன்று ஆசிரியர்களுக்குத் தலா 12,000 ரூபாயை, ஓசூர்த் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பெற்று, அவர்கள் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டுகிறோம். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கச் சான்றிதழ்க் கோப்பு வேண்டாம்; இரண்டு பக்கத் திட்டமும் ஒரு பாடவேளை வகுப்பறைப் பார்வையும் போதும். இடமாறுதல் கலந்தாய்வு முடிந்தபின் 8,000, ஜனவரியில் அட்டைகள் பிள்ளைகள் கையில் புழங்குவதைப் பார்த்தபின் 4,000. கலந்தாய்வுக்கு முன் கொடுத்தால், வேறு வீட்டுமொழி பேசும் ஊருக்கு ஆசிரியர் மாறி, திட்டமே வீணாகலாம்.

சந்தையிலும் மூங்கில் வேலை செய்பவரிடமும் ஜிஎஸ்டி பில் கிடைக்காது. 2,000 ரூபாய் வரை கையொப்பமிட்ட ரசீதை ஏற்க ஆணையிலேயே எழுதாவிட்டால் தணிக்கைத் தடை வரும். அந்தப் பயத்தில் யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். வாங்கியவை பள்ளி இருப்புப் பதிவேட்டில் ஏறட்டும், ஆசிரியர் மாறினாலும் பள்ளியிலேயே இருக்கட்டும்.

வரும் ஜூன் மாதமே தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தளி, கெலமங்கலம் ஒன்றிய ஆசிரியர்கள்