தொட்டி அளவுக்கு மீன் வளரும் என்று சொல்லி விற்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோய் என்ற ஜப்பானிய வண்ணக் கெண்டை மீன் வாங்கப் போனால், "சின்னத் தொட்டி என்றாலும் பரவாயில்லை, தொட்டி அளவுக்குத்தான் வளரும்" என்று கடைகளில் சொல்கிறார்கள். சனமும் அதை நம்பி நாலு குஞ்சைப் பையில் கட்டிக்கொண்டு தொடர்மாடிக்குப் போகிறது. வெள்ளவத்தையில் வீட்டு முற்றத்தில் பதினொரு வருடமாகக் கோய் வளர்க்கிறேன். அந்தக் கதை பிழை.

நாலு வருடத்துக்கு முன் நானும் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணர் ஒருவரும் ஒரே கடையில், ஒரே தொட்டியில் இருந்து இரண்டு அங்குலக் குஞ்சுகள் வாங்கினோம், எனக்கு ஆறு, அவருக்கு மூன்று. அவருடையது நாலடிக் கண்ணாடித் தொட்டி, 250 லீற்றர் பிடிக்கும். என்னுடையது சீமெந்துத் தொட்டி, கிட்டத்தட்ட 4700 லீற்றர். தைப்பொங்கல் அன்று அவர் வீட்டுக்குப் போனபோது மூன்றில் ஒன்றுதான் மிச்சம். ஆறங்குலம்கூட இல்லை, தலை மட்டும் பெரிசு, கண் துருத்திக்கொண்டிருக்கிறது, முதுகு வில்லு மாதிரி வளைந்துபோயிற்று. கடையில் அதே தொட்டியில் இருந்து வந்த இன்னொன்று என்னிடம் 20 அங்குலத்தில் நீந்துகிறது.

மீன் தொட்டியைப் பார்த்து வளர்ச்சியை நிறுத்துவதில்லை. தின்னும் சாப்பாட்டின் கழிவு பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில்தான் கலக்கிறது. தண்ணீர் குறைவு, ஃபில்டர் சின்னது என்றால் அந்த நஞ்சுக்குள்ளேயேதான் அது மூச்சு விட வேண்டும், அப்புறம் எங்கே வளர்வது? கொழும்புச் சூட்டில் இது இன்னும் மோசம், தண்ணீர் சூடாகச் சூடாக அமோனியாவின் நஞ்சு ஏறும், ஒட்சிசன் இறங்கும். 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் கரையும், 30 பாகையில் ஏழரைதான். விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி இல்லை, மூச்சுத் திணறல்.

சரி, எல்லாமே தண்ணீர்தானா என்றால், இல்லை. என்னுடைய ஆறும் ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு. ஒன்று 20 அங்குலம், இன்னொன்று 12 அங்குலத்தைத் தாண்டவில்லை. நீளத்தில் எட்டு அங்குல வித்தியாசம்தான், நிறையில் நாலு மடங்குக்கு மேல். பெரியது பெண். கோய் மீன்களில் பெண்தான் ஆணை விடப் பெரிதாக வளரும். தாய் தகப்பனின் உடம்பு வாகும் குஞ்சுக்கு வரும், சாகோய் என்ற மண்ணிற வகை வேகமாக வளர்வதற்கே பேர்போனது. ஜப்பானில் நீகாட்டா பக்கத்து வளர்ப்பவர்கள் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை, தாய் மீனின் எலும்பையும் பருமனையும் பார்த்துத்தான் சோடி சேர்க்கிறார்கள், லட்சக்கணக்கில் பொரிக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானதைக் கழித்துவிடுகிறார்கள். நம் ஊரில் சிலர் ஒரே தொட்டிக் கூடப்பிறப்புகளையே திரும்பத் திரும்பச் சோடி சேர்க்கிறார்கள். வாய் கோணினதும் செவுள் மூடி குட்டையானதும் வரத்தானே செய்யும்!

ஆனால் எவ்வளவு நல்ல வம்சக் குஞ்சையும் 250 லீற்றரில் விட்டால் அண்ணர் வீட்டு மீன் மாதிரித்தான் முடியும். அதுதான் எனக்கு மனவருத்தம். நீகாட்டாவில் பனிக்காலத்தில் மீன் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும், நமக்கு வருடம் முழுக்க வளரும் வெயில் இருக்கிறது, அந்த வாய்ப்பைச் சின்னத் தொட்டியில் வீணாக்குகிறோம்.

கடைக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். கோய் கேட்டு வருகிறவரிடம் முதலில் எத்தனை லீற்றர் தொட்டி என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கில் லீற்றர் இல்லையென்றால் கப்பி, பிளாட்டி மாதிரிச் சின்ன மீன்களைக் காட்டுங்கள், அவையும் வடிவுதான்.

அண்ணருடைய அந்த ஒற்றை மீனை மூன்று கிழமை தனியாக வைத்துப் பார்த்துவிட்டு என் தொட்டியில் விட்டிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறது, கொஞ்சம் நீண்டும் இருக்கிறது. முதுகு நிமிரவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06