கேற்றடியிலிருந்து தொடங்கு

தெஹிவளை
ஞாயிறு மாலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கூட வந்த வீட்டுப் பிளானை விரித்துப் பார்த்ததும் பேனையை வைத்துவிட்டேன். அவசரத்தில் எழுதக்கூடிய விஷயமில்லை என்று பட்டது.

நீ இந்தப் பக்கம் வருவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷம் கண்டியில் இருந்துவிட்டு, பென்ஷனோடு வத்தளையில் 10 பேர்ச்சஸ் காணி. இனி பஸ் ஏறினால் உன் வீட்டு வாசலில் நிற்பேன். இங்கே எல்லோரும் சுகம். மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். மனைவிக்கு முழங்கால் நோ முன்னரைவிடக் குறைவு. எங்கள் நாய் ஜிம்மி செத்துப்போனதைப் போனிலேயே சொன்னேன். இப்போது இருப்பவை இரண்டும் தெருவிலிருந்து வந்தவைதான். கறுப்பி கடற்கரை ரயில் பாதையோரம் கிடந்தவள். பிரவுணி ஒரு மழை நாளில் தானாகவே கேற்றுக்குள் வந்து படுத்துக்கொண்டான்.

சரி, பிளானுக்கு வருகிறேன். வீடு வடிவாகத்தான் கீறியிருக்கிறார்கள். ஆனால் பின்மதில் மூலையில், மலகூடக் குழிக்குப் பக்கத்தில், 6 அடிக்கு 4 அடியில் ‘நாய்க்கூடு’ என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதை எடுத்துவிடச் சொல். உன் நாய்கள் மூன்றும் உன் கட்டிலுக்குக் கீழே படுத்து வளர்ந்தவை. கண்டிக் குளிரிலிருந்து வரும் லாப்ரடோரைக் கொழும்பு வெயிலில், சீற் கூரைக்குக் கீழே விட்டால் என்னவாகும் என்று யோசித்துப் பார். நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றச் சூடு முழுவதையும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் ஆற்ற வேண்டும். காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் அதுவும் பாதிதான் பலிக்கும். வீட்டுக்குள் வடக்குப் பக்கமாக, எதிரெதிர் யன்னல் வைத்துக் காற்று ஊடறுத்துப் போகிற இடம் ஒன்று, வயிற்றை ஒட்டிப் படுக்கக் குளிர்ந்த நிலம், மேலே ஒரு ஃபேன். அதற்குத் தேவை இதுதான்.

நாய் வளர்க்கிற வீட்டை வரவேற்பறையிலிருந்து கீறத் தொடங்கக் கூடாது, மச்சான். கேற்றடியிலிருந்து தொடங்க வேண்டும். நாய் வெளியே போய் வந்தால் முதலில் எங்கே நிற்கும், ஈரக் காலை எங்கே கழுவுவாய், தண்ணீர் எங்கே குடிக்கும், எங்கே படுத்துக்கொண்டு உன்னைப் பார்க்கும் என்று பென்சிலால் அந்தப் பிளான் மேல் ஒரு கோடு இழு. அந்தக் கோடு தடங்கலில்லாமல் போகிறதா என்று பார். பிறகு சுவர், யன்னல், அலுமாரி எல்லாம் அதையொட்டி வரட்டும். நான் இதைக் காலம் கடந்துதான் கற்றுக்கொண்டேன், ஜிம்மியின் இடுப்பைக் கொடுத்து.

அந்தக் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. இந்த வீட்டைத் திருத்தியபோது கடைக்காரர் காட்டிய வெள்ளை டைல்ஸ், முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. வீடு முழுக்கப் பதித்தோம். வந்தவர்கள் எல்லோரும் வடிவு என்றார்கள். ஜிம்மி இளமையில் அதில் ஓடித் திரிந்தான், ஒன்றும் தெரியவில்லை. பத்து வயதுக்குப் பிறகு பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக வழுக்கத் தொடங்கின. எழும்ப முயல்வான், நிலம் பிடி கொடுக்காது, நகத்தால் கீறிக் கீறித் தோற்றுப்போய் அப்படியே படுத்துவிடுவான். கடைசியில் சுவரோரமாகவே நடந்தான், சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு. இடுப்பு மூட்டு பலவீனமான பெரிய நாய்க்கு வழுக்கும் நிலம் ஒவ்வொரு நாளும் அடி போடுகிற மாதிரி என்று மிருக வைத்தியர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. அன்றிரவே கயிற்றுப்பாய்களை வாங்கி, அவன் நடக்கிற வழியெல்லாம் போட்டேன். அவன் எழும்பி நடு வீட்டால் நடந்துவந்து என் காலடியில் படுத்தான். நான் அழுதுவிட்டேன்.

அடுத்த மாதமே கூடத்து டைல்ஸை உடைத்து எடுத்தோம். உனக்கு லாப்ரடோர் இருக்கிறது. அந்த இனத்துக்கு இடுப்பு வருத்தம் அதிகம். அதனால் இதை மட்டும் மறக்காதே: டைல்ஸ் வாங்கினால் மினுக்கம் இல்லாத, கொஞ்சம் சொரசொரப்பானதை வாங்கு. பெட்டியில் R என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். அது வழுக்காத தன்மையின் அளவு, R9இலிருந்து R13 வரை போகும். வீட்டுக்குள் R10 போதும், கழுவுகிற இடத்துக்கு R11. அதற்கு மேல் போனால் துடைக்கிறவர் கை வலிக்கும். டைல்ஸ் இடைவெளிக்குச் சாதாரணச் சீமெந்துச் சாந்து போடாமல் எபொக்சி என்ற பிசின் சாந்து போடச் சொல். விலை கூடத்தான், மேசன் பாஸும் முணுமுணுப்பார். ஆனால் மூத்திரம் உள்ளே ஊறாது. ஊறினால் அந்த மணம் மழைக்காலம் முழுக்க வீட்டை விட்டுப் போகாது.

நான் டைல்ஸை எடுத்த இடத்தில் திரும்ப டைல்ஸ் போடவில்லை. சிவப்புச் சீமெந்து போட்டேன். எங்கள் ஆச்சி வீட்டு நிலம் உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூட விடுமுறைக்கு நீயும் வந்து படுத்திருக்கிறாய். பொச்சுமட்டையால் தேய்த்துத் தேய்த்து ஆச்சி அதைப் பளபளப்பாக வைத்திருப்பா. இங்கே அந்த அளவுக்குத் தேய்க்கவில்லை. கொஞ்சம் மங்கலாகவே விட்டேன், கால் பிடிக்கும். மத்தியானத்தில் கறுப்பி அதில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால் உனக்கும் அதில் படுக்க ஆசை வரும்.

ஆச்சியின் நாற்சார் வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை. நாய் முற்றத்தில் படுத்தால் வீட்டில் யார் எங்கே நடந்தாலும் அதற்குத் தெரியும், ஆனால் ஒழுங்கை தெரியாது. அதனால்தான் அந்தக் காலத்து நாய்கள் போகிற வருகிற சைக்கிளுக்கெல்லாம் குரைக்காமல் நிம்மதியாகக் கிடந்தன என்று நினைக்கிறேன். கொழும்பில் இது முடியாது என்று சொல்லாதே. 1960களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, அல்பிரட் பிளேசில் பத்திக் கலைஞர் ஏனா த சில்வாவுக்கு ஒரு வீடு கட்டினார். வெளியே மதில், உள்ளே முற்றம், வீடு முழுக்க உள்பக்கம் பார்த்தபடி. பிறகு அதைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் திரும்பவும் எழுப்பியிருக்கிறார்கள். நெருக்கமான நகரத்துக் காணியிலும் மதிலுக்குள் காற்றும் வெளிச்சமும் கொண்டுவரலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். உன் 10 பேர்ச்சஸில் 10 அடிக்கு 12 அடி முற்றம் ஒன்று வந்தால், அந்த மூன்றுக்கும் அதுவே உலகம். மழைத்தண்ணீர் தேங்காமல் சரிவு வைத்து, வடிகாணுக்குள் முடி போகாமல் கழற்றிக் கழுவக்கூடிய வலை ஒன்று வை.

கேற்றடிக்கு வருகிறேன். கேற்றுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளிக்கு மேல் விடாதே. கேற்றுக்கும் முன்கதவுக்கும் நடுவில் இன்னொரு சின்னக் கதவு போடு. பார்சல் கொண்டுவருகிறவர் கேற்றைத் திறந்தவுடன் ஒன்று பாய்ந்து நீர்கொழும்பு வீதிக்குப் போனால் என்ன செய்வாய்? அந்த இரண்டு கதவுக்கும் இடையில்தான் கால் கழுவும் இடம். முழங்கால் உயரத்தில் சீமெந்து மேடை, மூன்று படி, கைஷவர், துவாய் கொழுவ ஒரு கொளுக்கி. மேடை ஏன் என்றால், உனக்கும் எனக்கும் இனிக் குனிந்து நாய் குளிப்பாட்டுகிற வயசில்லை. இரும்பில் எதையும் செய்யாதே. கடற்காற்றுக்கு என் வீட்டுக் கிறில் இரண்டு வருஷத்தில் செதில் செதிலாகக் கழன்றது. துருப்பிடிக்காத உருக்கிலேயே போடு.

கதிரை, சோபா விஷயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கழற்றித் தோய்க்கக்கூடிய உறை இருக்க வேண்டும், நெசவு இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கைத்தறித் துணியில் கட்டியான ரகம் எங்கள் வீட்டில் நான்கு வருஷமாக நிற்கிறது. உறையின் நிறம் உன் நாயின் முடி நிறத்துக்குக் கிட்ட இருந்தால் வீடு எப்போதும் துப்புரவாகத் தெரியும். படுக்கையை மட்டும் நீலத்தில் தைத்தேன். நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் தெளிவில்லை. அந்தச் சிவப்பு நிலத்தில் நீலப் படுக்கை கிடக்கிற அழகை நீ வந்து பார்க்க வேண்டும். உன் பிரம்புக் கதிரைகளை, மூன்றில் சின்னக் குட்டி வளரும்வரை மாடியில் வை.

உன் மனைவி ஆசையாகத் தோட்டம் போடுவா என்று தெரியும். அவவிடம் இதை வாசித்துக் காட்டு. சின்னப் பனை போலிருக்கும் சைக்கஸ் வேண்டவே வேண்டாம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, விதை மிக மோசம், நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். அலரியும் மஞ்சள் அலரியும் இதயத்தைப் பிடிக்கும், சாமிக்குப் பூ வேண்டுமென்றால் மதிலுக்கு வெளியே நடட்டும். மணி பிளான்ட் கடித்தால் வாய் எரியும், அதை உயரத்தில் தொங்கவிடலாம். மல்லிகையும் அரேகா பாமும் பயமில்லாமல் வைக்கலாம்.

சாப்பாட்டுக் கிண்ணத்தை இரவில் வெளியே விடாதே. அது எலியைக் கூப்பிடும். எலிக்காய்ச்சல் நாயையும் பிடிக்கும், நாயிலிருந்து நமக்கும் வரும். குசினியில் கீழ்த் தட்டு ஒன்றைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கி, இறுக்கி மூடுகிற வாளி வை. நிலம் துடைக்கும்போது மூத்திரத்தின் மேல் பிளீச் ஊற்ற விடாதே. இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கிற வாயு வரும். முதலில் தண்ணீரால் நன்றாகக் கழுவி, பிறகு பிளீச் போடலாம். அமோனியா கலந்த திரவமும் வேண்டாம், அந்த மணத்துக்கு நாய் அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

இன்னொன்று, நான் மிகவும் மனம் வைத்துச் செய்தது. படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மூலையைப் பழைய சாமான் போடுகிற இடமாக்காதே. கொழும்பில் ஏப்ரலிலும், திரும்ப ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி இறங்கும். சித்திரை வருஷத்துக்கும் தீபாவளிக்கும் வெடி. நமக்குக் கேட்கிற உச்சத்தைப் போல இரண்டு மடங்கு உயர்ந்த ஒலியும் அவற்றுக்குக் கேட்கும். எங்கள் படிக்குக் கீழே யன்னல் இல்லை, மூன்று பக்கமும் கல்லுச் சுவர், முன்னால் தடித்த திரைச்சீலை, உள்ளே ஒரு மெத்தை, என் பழைய சேட் ஒன்று. போன தீபாவளிக்குப் பிரவுணி மாலை ஆறு மணிக்கே உள்ளே போனான். நானும் திரைக்கு வெளியே நிலத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசித்தேன். நடுக்கம் நின்று, மூக்கை மட்டும் வெளியே நீட்டி என் முழங்காலில் வைத்தான்.

அத்திவாரம் வெட்ட முதல் திருத்திய பிளானை அனுப்பு. லாப்ரடோர் நீட்டிப் படுத்தால் மூக்கிலிருந்து வால்வரை எத்தனை அடி என்று அளந்து, அதையும் எழுது. படிக்கட்டு மூலையை அந்த அளவுக்குக் கீற வேண்டும். பாஸ் ஒருவர் இருக்கிறார், சிவப்புச் சீமெந்து இழுக்கத் தெரிந்தவர். தை மாதம் வரை அவருக்கு வேலை இருக்கிறதாம், அதற்குப் பிறகு உனக்காகப் பிடித்து வைக்கட்டுமா?

அன்புடன்,
உன் மச்சான்